வழிவிடுபவர்

நீதிமன்றத்தில் துரையண்ணனின் குரலாக வரப்போகிறவர் சளி பிடித்த ஒரு குமாஸ்தா என்று ரெக்சிலின் எதிர்பார்த்திருக்கவில்லை.

அவர் பெயர் கோமதிநாயகம். காதில் ஒரு சிறிய கருவியைப் பொருத்திக்கொண்டு, கையில் கைக்குட்டையோடு, சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நகரத்தின் இன்னொரு மூலையில், துறைமுகத்துக் கிளை நீதிமன்றத்தில், துரையண்ணன் என்கிற இசக்கிதுரை ஓர் அறையில் இருந்தார். அவர் அங்கே பேசுவது கோமதிநாயகத்தின் காதில் மட்டும் விழும். கோமதிநாயகம் அதைத் தன் வாயால் இங்கே திருப்பிச் சொல்வார். குரலும் தொடர்புதான், எழுத்தும் தொடர்புதான் என்றது சட்டம். அதனால் இருவரும் சந்திக்கவோ பேசவோ கூடாது என்ற தடையை நீக்கச் சொல்லிக் கேட்கிற வழக்கிலும்கூட, தடுக்கப்பட்ட இருவருக்கும் நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் தன் தொண்டையை இரவல் கொடுக்க வேண்டியிருந்தது.

"நான் 'நான்'னு சொன்னா அது அவரு," என்று கோமதிநாயகம் முன்கூட்டியே சொல்லி வைத்தார். "தும்முனா மட்டும் அது நான்."

ரெக்சிலினின் வக்கீல் மெஹராஜ் பானு உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். ரெக்சிலினுக்குச் சிரிப்பு வரவில்லை. பெரிய தொப்பையும் சிவந்த மூக்குமாக இருந்த அந்த மனிதரையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாயிலிருந்து துரையண்ணன் எப்படி வருவார் என்று அவளுக்குப் புரியவில்லை.

கடல் ஏறி வந்து பழைய கரையை விழுங்கிய பிறகு கட்டப்பட்ட ஊர் கொற்கைப் புதுநகர். அங்கே ஒவ்வொரு சொட்டுக் குடிநீரும் ஒரே கட்டுப்பாட்டு அறையின் வழியாகத்தான் போகும். அந்த அறையில் ரெக்சிலினும் இசக்கிதுரையும் ஒன்றாக வேலை பார்த்தார்கள். அவருக்கு அவளைவிடச் சில வயது கூடுதல். அவள் "துரையண்ணே" என்பாள். அவர் "ஏட்டி ரெக்சி" என்பார். மதியச் சாப்பாட்டில் அவள் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்பில் பாதி அவருக்குப் போய்விடும்.

மழை பொய்த்த ஒரு கோடையில் மேற்குக் குடியிருப்புக்குத் தண்ணீர் நின்றுபோனது. கரையை இழந்த மீனவர்களைக் குடியேற்றிய இடம் அது. பெண்கள் குடத்தோடு அலுவலக வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். மேலிடம் திறக்கக் கூடாது என்றது. ஒரு மாலை ரெக்சிலின் தானே நடந்துபோய், அந்தக் குடியிருப்புக்குத் தண்ணீர் விடும் கிழக்குப் பக்கத்து வால்வைக் கையால் கொஞ்சம் திறந்துவிட்டாள். அதே மாலையில் இசக்கிதுரை கட்டுப்பாட்டு அறையில் இருந்தபடி அதே குடியிருப்புக்கான மேற்குப் பக்கத்து வால்வைக் கொஞ்சம் திறந்தார். ஒன்று மட்டும் என்றால் யாருக்கும் தெரிந்திருக்காது. இரண்டும் சேர்ந்து பெரிய குழாயை உறிஞ்சிவிட்டன. மருத்துவமனையில் சிறுநீரக நோயாளிகளின் இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரங்களுக்குப் போகிற தண்ணீர் நின்றது. செல்லத்தாய் என்கிற பெண் இறந்துபோனாள்.

திறக்கப்போகிறேன் என்று இருவருமே மற்றவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அவருக்கும் ஆபத்து என்று இவள் நினைத்தாள். சொன்னால் இவளுக்கும் ஆபத்து என்று அவர் நினைத்தார். இதை நீதிமன்றத்தில் யாரும் நம்பவில்லை. ஒரே மாலை, ஒரே குடியிருப்பு, நெருங்கிய இரண்டு ஊழியர்கள். கூட்டுச் சதி என்று தீர்ப்பாயிற்று. சிறை முடிந்து வெளியே வந்தபோது, இருவரும் வாழ்நாளில் சந்திக்கக் கூடாது என்ற தடையும் கூடவே வந்தது. காதுக்குப் பின்னால், தோலுக்கடியில், அரிசி மணி அளவில் ஒரு சில்லு வைத்து அனுப்பினார்கள். மீதியை 'விலக்கி' என்கிற கண்காணிப்பு இயந்திரம் பார்த்துக்கொண்டது.

இத்தனை வருடம் பொறுத்திருந்தவள் இப்போது மனுப் போட்டதற்குக் காரணம் மகள் ஷெரின். போன வருடம் அடுப்படியில் நின்று மீன் கழுவிக்கொண்டிருந்தபோது ஷெரின் சாதாரணமாகக் கேட்டாள்.

"நீயும் துரை மாமாவும் பேசி வச்சுத்தானம்மா திறந்தீங்க? எங்கிட்டச் சொன்னா என்ன? நான் என்ன ஜட்ஜா?"

"பேசலட்டி."

"சரி. பேசல."

குழந்தைக்கு விட்டுக்கொடுப்பதுபோல் மகள் சொன்ன அந்த 'சரி'தான் ரெக்சிலினைத் தின்றது. அதற்குப் பிறகு ஒரு விநோதம் நடந்தது. டீக்கடை பெஞ்சில் துரையண்ணன் குனிந்து, "இன்னைக்குத் திறந்துருவமா?" என்று கேட்பதும், அவள் தலையாட்டுவதும் அவளுக்கு நினைவுக்கு வரத் தொடங்கின. டீயின் ஆவிகூடத் தெரிந்தது. உண்மையிலேயே நடந்ததா, அரசு வக்கீல் திரும்பத் திரும்பச் சொன்னதைக் கேட்டு மனம் தானாக வரைந்துகொண்டதா? உலகத்தில் ஒரே ஒருவரிடம்தான் கேட்க முடியும். அவரிடம் மட்டும்தான் கேட்கக் கூடாது.

நீதிபதி வந்து அமர்ந்தார். நரைத்த முடியை இறுக்கிக் கட்டிய, களைத்த முகமுள்ள அம்மாள்.

பானு எழுந்து பேசினாள். காயல் பக்கத்துப் பெண். வழக்கு மன்றத்துக்குப் புதிது. தடை என்பது தண்டனைக்கு மேல் தண்டனை என்றும், இத்தனை காலம் அதன் சுமையைத் தன் கட்சிக்காரர் தினமும் தாங்கியிருக்கிறார் என்றும் சொன்னாள்.

"தினமும்னா?" என்றார் நீதிபதி. "எப்படிப்பட்ட சுமை?"

"வழி மறிக்கப்படுறது, தாமதம், வேலைக்கு இடைஞ்சல்..."

நீதிபதி, விலக்கித் துறையிலிருந்து வந்திருந்த லிவிங்ஸ்டனைப் பார்த்தார். ஒல்லியான இளைஞன். கையில் இருந்த மின்பலகையைத் தடவிவிட்டு எழுந்தான்.

"அம்மா, மனுதாரருக்கு அப்படி எதுவும் நடக்கல."

"எதுவும்னா?"

"ஒரு தடவைகூட, அம்மா. ஒரு கதவுகூட இவங்களுக்கு மூடல."

பானு ரெக்சிலின் பக்கம் குனிந்து, "என்னக்கா இது?" என்று கிசுகிசுத்தாள். ரெக்சிலின் யோசித்துப் பார்த்தாள். உண்மைதான். தடை என்றால் துரையண்ணன் கண்ணில் படாமல் இருப்பது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஊர் பெரியது, அதனால் எதிர்ப்படவில்லை என்று நினைத்திருந்தாள்.

"விளங்கச் சொல்லுங்க," என்றார் நீதிபதி.

"ரெண்டு பேருக்கும் நடுவுல இருநூறு மீட்டர் இருக்கணும், அம்மா. பஸ்ஸு, லிஃப்டு, கடை வாசல், நடைபாலம், எல்லாக் கதவும் விலக்கியோட பேசும். ரெண்டு பேரும் ஒரே பக்கமா வந்தா யாராவது ஒருத்தரை நிறுத்தியாகணும். யாரைன்னு அதுக்கு விருப்பு வெறுப்பு கிடையாது. வழக்கமா மாத்தி மாத்தி நிறுத்தும். ஆனா ஒருத்தரு 'நானே வழிவிடுதேன்'னு சொல்லிட்டா, அப்புறம் எப்பவும் அவரைத்தான் நிறுத்தும். இன்னொருத்தருக்கு எதுவுமே தெரியாது."

"சொன்னது யாரு?"

"எதிர்மனுதாரர். சில்லு வச்ச அன்னைக்கே சொல்லிட்டாரு."

ரெக்சிலின் வேலை பார்க்கும் மீன் பதப்படுத்தும் கூடத்தில் அவளை மேற்பார்வையாளர் ஆக்கியபோது முதலாளி சொன்னது ஒன்றுதான். இந்த ஊர்லயே நேரந்தவறாத ஒரே ஆளு எங்க ரெக்சிலின்தான். எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு இதனால பாதிப்பு?" என்றார் நீதிபதி.

லிவிங்ஸ்டன் கொஞ்சம் தயங்கினான். "ரெண்டு வேலை போயிருக்கு, அம்மா. நேரத்துக்கு வரலன்னு. இப்ப மீன் சந்தையில ஐஸ் உடைக்காரு. அப்புறம்... ஒரு தடவை பெரியாஸ்பத்திரி வாசல்ல ரொம்ப நேரம் நின்னிருக்காரு. உள்ள மனுதாரர் இருந்திருக்காங்க. இவரோட தாயார் உள்ள முடியாமக் கிடந்தாங்க. அன்னைக்குத்தான் தவறியிருக்காங்க."

நீதிபதி பேனாவை மேசையில் வைத்தார்.

"அவசரம்னா வழியே கிடையாதா?" நீதிபதியின் குரல் உயர்ந்தது.

"இருக்கு, அம்மா. அவசரம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். விலக்கி உடனே மனுதாரரை எழுப்பி வெளிய அனுப்பிருக்கும். அவரு சொல்லல."

பெரியாஸ்பத்திரிக்கு ரெக்சிலின் போனது ஒரே ஒரு தடவைதான்; அந்த நாள் ஞாபகம் வந்தது. அப்போது சிறு பிள்ளையாக இருந்த ஷெரினுக்குக் காய்ச்சல். டாக்டர் பார்த்து, ஒன்றுமில்லை, கூட்டிக்கொண்டு போங்கள் என்றுவிட்டார். வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே குளுகுளுவென்றிருந்தது. கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுப் போவோம் என்று மகளை மடியில் போட்டுக்கொண்டு, இயந்திரத்தில் டீ வாங்கிக் குடித்து, ஒரு தூக்கமும் போட்டிருந்தாள்.

நீதிபதி கோமதிநாயகத்தின் பக்கம் திரும்பினார். "ஏன் சொல்லலன்னு கேளுங்க."

கோமதிநாயகம் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டார். மூக்கைத் துடைத்தார். பிறகு எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல் பேசினார்.

"ஆஸ்பத்திரிக்குள்ள இருக்கான்னா, யாருக்கோ முடியலன்னுதான அர்த்தம். அவளுக்கா, பிள்ளைக்கான்னு எனக்கு என்ன தெரியும்? எழுப்பி விரட்டச் சொல்லவா? இப்பப் போயிருவா, இப்பப் போயிருவான்னு நின்னேன். அம்மாவும் கொஞ்சம் இருப்பான்னு நினைச்சேன்."

ரெக்சிலின் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அழாதீங்கம்மா," என்றார் கோமதிநாயகம். உடனே பதறி நீதிபதியைப் பார்த்தார். "மன்னிக்கணும் அம்மா. இது நான் சொன்னது. அவரு சொல்லல."

"பதிவுல வேண்டாம்," என்றார் நீதிபதி. தானும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "எதிர்மனுதாரரைக் கேளுங்க. இவ்வளவு கஷ்டப்பட்டிருக்காரு. தடையை நீக்க அவருக்குச் சம்மதம்தானே?"

ரெக்சிலின் நிமிர்ந்தாள். பானு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோமதிநாயகம் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு தடவை, "என்னது? திரும்பச் சொல்லுங்க," என்று காற்றைப் பார்த்துக் கேட்டார். பிறகு சொன்னார்:

"எனக்குச் சம்மதம் இல்ல."

"காரணம்?"

"அவ என்ன கேக்க வாராள்னு எனக்குத் தெரியும். அன்னைக்கு நாம பேசிக்கிட்டமா, பேசலையான்னு கேப்பா. நானும் அதைத்தான் கேக்கணும்னு இருக்கேன்." கோமதிநாயகம் நிறுத்தினார். "எனக்கும் இப்பத் தெரியல, அம்மா. மொதல்ல பேசலன்னு நல்லாத் தெரிஞ்சுது. இப்பச் சில நாள், அவ டீக்கடையில வந்து கேட்ட மாதிரி இருக்கு."

ரெக்சிலின் பானுவின் கையை விட்டாள். அவளுடைய நினைவில் கேட்டது அவர். அவருடைய நினைவில் கேட்டது அவள். டீக்கடை மட்டும் ஒன்றாக இருந்தது. அது அந்த நாட்களில் அவர்கள் தினமும் போன கடை.

"நாங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசினா, பேசலன்னு முடிவு பண்ணிருவோம்," என்று கோமதிநாயகத்தின் தட்டையான குரல் தொடர்ந்தது. "அவ என்னை மன்னிச்சிருவா. நான் அவளை மன்னிச்சிருவேன். அவ கொண்டுவந்த குழம்பை ஆளுக்குப் பாதி ஊத்திச் சாப்புடுவோம். நிம்மதி வந்துரும். அப்புறம் அந்தச் செல்லத்தாயி அம்மாவை யாரு நினைப்பா? அவங்க வீட்டுலயே மறந்திருப்பாங்க. இப்ப எனக்கு ஒரு கதவு மூடும்போதெல்லாம் அந்த அம்மா ஞாபகம் வருது. அது இருக்கட்டும்."

அவர் கைக்குட்டையை மடித்தார். முடிந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தபோது, காதில் இன்னும் ஏதோ விழ, மறுபடியும் நிமிர்ந்தார்.

"இன்னொண்ணும் சொல்லுதாரு. சொல்லலாமா, அம்மா?"

"சொல்லுங்க."

"கதவு மூடுச்சுன்னா அவ பக்கத்துல எங்கயோ இருக்கா, நல்லா இருக்கா, நடமாடுதான்னும் தெரியும். அது எனக்குப் போதும்."

ரெக்சிலின் எழுந்துவிட்டாள். "எனக்குத் தெரியலயே!" என்றாள், நீதிபதியைப் பார்த்து, யாரிடம் சொல்வது என்று தெரியாமல். "அவருக்கு என்னைப் பத்தித் தெரிஞ்சிருக்கு. எனக்கு அவரு இருக்காரா செத்தாரான்னே தெரியலயே அம்மா. எனக்கு எல்லாக் கதவும் தொறந்தே இருந்துச்சு."

"உக்காருங்க," என்றார் நீதிபதி, மெதுவாக.

தீர்ப்பு நீளமில்லை. இருவரும் சம்மதித்தால் மட்டுமே தடையை விலக்கலாம். ஒருவர் மறுப்பதால் மனு தள்ளுபடி. நீதிபதி எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், "வேற ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

பானு இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். ரெக்சிலின் முந்திக்கொண்டாள்.

"நானும் வழிவிடுதேன்னு சொல்லலாமா?"

நீதிபதியின் பேனா நின்றது. லிவிங்ஸ்டன் பலகையைப் பார்த்தான். "சொல்லலாம், அம்மா. ஆனா அவரு முன்னால சொன்னதை வாபஸ் வாங்கணும். வாங்கலன்னா ரெண்டு பேரையும் நிறுத்தும். ரெண்டு பக்கமும் மூடிரும். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, யாரையாவது ஒருத்தரை அதுவா அனுப்பும். யாருக்கும் லாபமில்ல."

"எதிர்மனுதாரருக்குச் சொல்லுங்க," என்றார் நீதிபதி.

கோமதிநாயகம் வாயருகே கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். காத்திருந்தார்.

"கேட்டுக்கிட்டாரு. ஒண்ணும் சொல்லல, அம்மா." பிறகு ஒரு பெரிய தும்மல் போட்டார். "இது நான்."

தாழ்வாரத்தில் பானு கூடவே நடந்து வந்தாள். படிக்கட்டில் நின்றாள்.

"அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? கோவிச்சுக்காதீங்க. உங்க கேஸை எடுத்தப்ப நான் உங்களை நம்பல. பேசி வச்சுத்தான் செஞ்சிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"இப்ப?"

"ஆஸ்பத்திரி வாசல்ல அப்படி நின்ன மனுசன் அன்னைக்கு உங்ககிட்டச் சொல்லிருக்க மாட்டாரு. நீங்களும் சொல்லிருக்க மாட்டீங்க." பானு கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டாள். "உங்க ரெண்டு பேருக்கும் இதே வேலைதான் போல. கேட்டுத் தொலைக்கவே மாட்டீங்க."

ரெக்சிலின் படியில் இறங்கினாள். பானு நம்பியது அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில் அவள் கண்ணுக்கு முன்னால் மருத்துவமனையின் குளிர்ந்த கூடமும், டீ குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணும்தான் இருந்தார்கள்.

விலக்கித் துறையில் போய், தானும் வழிவிடுவதாகச் சொன்னாள். அங்கிருந்த பெண் ஒரு முறைக்கு இரண்டு முறை, "நல்லா யோசிச்சீங்களா?" என்று கேட்டாள். யோசித்தேன் என்றாள் ரெக்சிலின்.

அதற்குப் பிறகு அவள் தெருவில் நடக்கும் விதம் மாறிப்போனது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு கணம் நின்று பார்த்தாள். பேருந்துக் கதவு திறந்தால் ஏமாற்றமாக இருந்தது. திறந்தால் அவர் அருகில் இல்லை. பல நாட்கள் எல்லாமே திறந்தன. அவள் இருக்கிற பக்கமே இனி வராமல் துரையண்ணன் ஒதுங்கிவிட்டாரோ என்று பயந்தாள். மீன் சந்தையில் ஐஸ் உடைக்கிறார் என்று தெரியும். அவளுடைய கூடத்துக்குச் சந்தையைக் கடந்துதான் போக வேண்டும்; அவள் கடக்கிற நேரத்தில் அவர் அங்கே இருப்பதில்லை போலும். ஆனால் அவரைத் தேடிப் போவது குற்றம். ஆள் விட்டு விசாரிப்பதும் குற்றம். போகிற வழியில் போகலாம், அவ்வளவுதான்.

ஒரு காலை, சந்தையின் கிழக்கு வாசலில், அவளுக்கு முன்னால் போனவர்களுக்கெல்லாம் சுழன்ற இரும்புக் கதவு அவள் வந்ததும் நின்றது. மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. முதலில் அவளுக்குப் புரியவில்லை. கையால் தள்ளிப் பார்த்தாள். பிறகு புரிந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

பின்னால் கூடை சுமந்தவர்கள் முணுமுணுத்தார்கள். "விலக்கிக்காரியா? ஒதுங்கி நில்லுங்கம்மா, நாங்க போயிக்கிடுதோம்." அவள் ஒதுங்கினாள். மற்றவர்களுக்குக் கதவு சுழன்றது. மீன் வாடையும் ஐஸ் நீரும் உள்ளிருந்து வந்தன. எங்கோ உள்ளே, அல்லது அந்தப் பக்கம், அவர் உயிரோடு இருக்கிறார். அவர் போகட்டும். வேலைக்குத் தாமதமாகாமல் போகட்டும்.

மேற்கு வாசல் பக்கமிருந்து ஒரு மீன்காரம்மா வந்தாள். தலையில் வெறுங்கூடை. இவள் நிற்பதைப் பார்த்ததும் சிரித்தாள்.

"என்ன எழவோ தெரியல, இன்னைக்கு ரெண்டு வாசல்லயும் ஆளு நிக்கி. அந்தப் பக்கமும் ஒரு மனுசன் ஐஸ் உளியை வச்சுக்கிட்டு நிக்காரு. முதலாளி உள்ள இருந்து காட்டுக்கத்து கத்துதான். இவரு பாட்டுக்குச் சிரிச்சுக்கிட்டு நிக்காரு. கிறுக்கு!"

ரெக்சிலினின் வாய்வரை ஒரு கேள்வி வந்தது. எப்படி இருக்கிறார், முடி நரைத்துவிட்டதா, மெலிந்துவிட்டாரா. அதைக் கேட்டால் அந்தம்மா வழியாகத் தொடர்பு கொண்டதாகிவிடும். அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள். மீன்காரம்மா அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள்.

அவர் வாபஸ் வாங்கவில்லை.

கூடத்தில் சங்கு ஊதும் சத்தம் கேட்டது. இத்தனை வருடத்தில் முதன்முறையாக அவள் உள்ளே இல்லாமல் அந்தச் சங்கு ஊதியது. அங்கே பெண்கள் அவளுடைய நாற்காலியைப் பார்ப்பார்கள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருநூறு மீட்டருக்கு அப்பால், ஐஸும் மீனும் சத்தமுமாக ஒரு சந்தை முழுவதும் நடுவில் கிடக்க, அவரும் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

கொஞ்ச நேரத்தில் மேலே விளக்கு பச்சையானது. உள்ளே விட விலக்கி அவளைத் தேர்ந்தெடுத்திருந்தது; அந்தப் பக்கம் அவருக்கு விளக்கு இன்னும் சிவப்பாகவே இருக்கும். இரும்புக் கதவு தளர்ந்து லேசாக ஆடியது.

அவள் நகரவில்லை.

"யக்கா, தொறந்துட்டுல்லா? போங்க," என்றாள் பின்னால் வந்த பெண்.

"நீங்க போங்கம்மா," என்றாள் ரெக்சிலின். "நான் கொஞ்சம் நிக்கேன்."